கூடைக்கு அடியில் ஒரு கண்ணாடி

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. லென்ஸில் குட்டை எது, நெட்டை எது என்பதெல்லாம் படித்தவர்கள் சொல்ல வேண்டிய சமாச்சாரம். நடுவில் நான் எதையாவது விட்டுவிட்டு, "ஐயோ, அதுக்கு முன்னால இது நடந்துச்சு" என்று திரும்பி ஓடினால் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் எலியேசர் இந்தக் கதையை ஊரெல்லாம் வேறு மாதிரி சொல்லித் திரிகிறார். அவர் சொன்னதே நிலைத்துவிடக் கூடாது. அதனால் சொல்கிறேன்.

எலியேசர் ராஜபாளையத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். கல்யாணம், ஞானஸ்நானம், புது வீட்டு ஜெபம், எதுவானாலும் கேமராவோடு வந்து நிற்பார். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. நடந்து முடிந்ததை மறுபடி நடத்தச் சொல்வார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலி கட்டிவிட்டுக் கையைக்கூட எடுக்கவில்லை. "தம்பி, செத்த அவுத்துட்டு இன்னொருக்கா கட்டுங்க, பாஸ்டர் கை மறைச்சிட்டு" என்று சொல்லிவிட்டார். பெண்ணின் தாய் மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்து எழுப்பியதும், "அம்மா, இன்னொருக்கா விழுங்க" என்றாராம். இந்தக் கடைசிப் பகுதியைச் சொன்னவன் கிறிஸ்டோ. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் புதிதாக ஸ்டூடியோ போட்டிருப்பவன். தொழில் போட்டியில் சொன்னதால் பாதியாவது பொய்யாக இருக்கும்.

எலியேசரின் மனைவி அன்னத்தாய். எட்டாவதோடு நின்றவள். ரொம்பப் பயந்தவள். கேஸை அடைத்தோமா என்று பார்க்கப் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பி வருவாள். ஆனால் பயந்தவர்கள் ஒன்றைப் பிடித்தால் லேசில் விட மாட்டார்கள். விட்டால் என்ன ஆகுமோ என்ற பயம்தான் காரணம்.

ஒரு நாள் சாயங்காலம் எலியேசர் வீட்டுக்குள் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"ஏட்டி அன்னத்தாய், இன்னையோட நான் கல்யாணப் போட்டோகிராபர் இல்ல."

"பொறவு?"

"ஸ்போர்ட்ஸ் போட்டோகிராபர்!"

"செருப்பக் கழட்டிட்டுச் சொல்லுங்க. இப்பத்தான் தொடைச்சேன்."

விஷயம் இதுதான். எங்கள் ஊரில் பந்து என்றாலே கூடைப்பந்துதான். வருஷா வருஷம் போட்டி நடக்கும். ரயில்வேக்காரர்கள், பேங்க்காரர்கள், கப்பற்படைக்காரர்கள் என்று சம்பளத்துக்கு ஆடுகிற பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாம் வந்து இறங்குவார்கள். ஒவ்வொருவனும் தெருவிளக்கை இருந்த இடத்திலிருந்தே மாட்டிவிடுகிற உயரம். இந்தத் தடவை கமிட்டியில் இருக்கும் தங்கப்பாண்டியன், கோர்ட் ஓரத்தில் உட்கார்ந்து படம் எடுக்க இரண்டு பேருக்கு அனுமதி கொடுத்திருந்தார். ஒன்று எலியேசருக்கு, இன்னொன்று கிறிஸ்டோவுக்கு. யார் எடுத்த படம் நன்றாக இருக்கிறதோ அது அடுத்த வருஷம் வாசலில் வைக்கிற பெரிய பேனரில் வரும். கீழே எடுத்தவர் பெயரும் வரும்.

"அதுக்கு நம்ம கேமரா பத்தாதுட்டி" என்றார் எலியேசர். போனை எடுத்து, கையை முழுசாக நீட்டி, கண்ணைச் சுருக்கி ஒரு படத்தைக் காட்டினார். வெள்ளையாக, நீளமாக, கோயில் திருவிழாவில் வெடி வைக்கிற குழாய் மாதிரி ஒரு லென்ஸ். "மதுரையில ஒரு கடையில பழசு ஒண்ணு வருது. திங்கக்கிழமை வந்திரும். பேசிட்டேன். நம்ம ரெண்டு கேமராவையும் குட்டை லென்ஸையும் குடுத்துட்டு இத வாங்கிரலாம்."

அந்த இரண்டு கேமராவும் குட்டை லென்ஸும்தான் அவர்கள் வீட்டு அடுப்பு. அடுத்த வாரம் செட்டியார்பட்டியில் ஒரு கல்யாணத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. அதற்குப் பின்னால் மே மாதம் முழுக்க வரிசையாகக் கல்யாணங்கள்.

"அப்ப கல்யாணத்துக்கு?"

"இத வச்சே எடுப்பேன்."

"இது தூரத்துல உள்ளதப் பக்கத்துல காட்டுதது தான? பக்கத்துல உள்ளவிய இதுக்குள்ள எப்பிடி அடங்குவாக? செட்டியார்பட்டியில மாப்பிள்ளை பொண்ணச் சேத்து எடுக்கணும்னா நீங்க நம்ம பஸ் ஸ்டாண்டுல நின்னுதான் எடுக்கணும்."

"ஒனக்குத் தொழில் தெரியாது."

"தெரியாதுங்க. அதான் கேக்கேன். நல்லா இருக்கிற லென்ஸ எதுக்குக் குடுக்கணும்?"

"நல்லாவா இருக்கு?" என்று கேமராவை எடுத்து அவள் முன்னால் வைத்தார். "நேத்துப் பயிற்சி ஆட்டத்துல எடுத்தேன். நீயே பாரு. ஒண்ணாவது தெளிவா இருக்கா? எல்லாம் மங்கல். லென்ஸ் செத்துப் போச்சுட்டி. பூஞ்சை பிடிச்சிருக்கு."

அன்னத்தாய் கேமராவின் முதுகில் இருக்கும் சின்னத் திரையைப் பார்த்தாள். ஓர் ஆட்டக்காரன் பந்தோடு எம்பி நிற்கிறான். அவன் தாடையிலிருந்து ஒரு வேர்வைத் துளி விழப் போகிறது. அந்தத் துளிக்குள் விளக்கு மினுங்குகிறது. அவன் பனியனில் ஒரு தையல் விட்டுப் போயிருக்கிறது, அதுகூடத் தெரிகிறது.

"தெளிவாத்தான இருக்கு?"

"என்னத்தத் தெளிவு? கொழுக்கட்டை மாவு மாதிரி இருக்கு" என்று எலியேசர் கேமராவை வாங்கி, கையை நீட்டி, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

அப்போதுதான் அன்னத்தாய்க்குச் சட்டென்று விளங்கியது. போன ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பாட்டு எண்ணைத் தப்பாகப் பார்த்துவிட்டு, எல்லோரும் ஒரு பாட்டைப் பாட, இவர் மட்டும் உரத்த குரலில் வேறொரு பாட்டைக் கடைசிவரை பாடி முடித்தார். வெளியே வந்து, "சபைக்கே பாட்டுத் தெரியல" என்றார். அதற்கு முந்தின வாரம் இட்லிக்கு மிளகாய்ப்பொடி என்று நினைத்து மஞ்சள்பொடியைக் குழைத்துச் சாப்பிட்டுவிட்டு, காரம் பத்தவில்லை என்றார்.

லென்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெள்ளெழுத்து வந்திருப்பது எலியேசரின் கண்ணுக்கு.

நேராகச் சொல்லிவிட வேண்டியதுதானே என்பீர்கள். சொல்லிப் பார்த்தவள்தான் அவள். ஒரு தடவை, "கண்ணாடிக்காரர்ட்ட ஒரு எட்டுக் காட்டிட்டு வாங்களேன்" என்றதற்கு அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். "கண்ணாடி போட்ட போட்டோகிராபரும், பல்லு போன பல் டாக்டரும் ஒண்ணு. யாரு நம்பி வருவா? கிறிஸ்டோ ஊரெல்லாம் மைக் வச்சுச் சொல்லுவான்." அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. அதாவது வீட்டில் சாப்பிடவில்லை.

அதனால் இந்தத் தடவை அன்னத்தாய் ஒன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை மதுரைக்குப் போவதற்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டம். அதைப் பழைய கேமராவில்தான் எடுத்தாக வேண்டும். அதற்குள் இந்த மனுஷன் மூக்கில் ஒரு கண்ணாடி ஏற வேண்டும். ஏறியது அவருக்கே தெரியக் கூடாது. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் முடிவு செய்துவிட்டாள்.

மறுநாள் காலையில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து போனை நீட்டிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கையில், பூ கட்டுகிற நூலோடு பக்கத்தில் போனாள். சட்டைக் காலரைச் சரி செய்கிற மாதிரி நூலின் ஒரு நுனியை அவர் மூக்குக்கு நேராகப் பிடித்து, மறு நுனியைப் போன்வரை கொண்டுபோய், அந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டாள்.

"என்னட்டி செய்யுத?"

"காலர்ல நூல் தொங்குச்சு. கமிட்டிக்காரவியளுக்குக் குடுக்கப் பால்கோவா வாங்கணும்ல? நான் ஸ்ரீவில்லிபுத்தூர் போயிட்டு வாரேன்."

"நல்ல வேளை யோசிச்ச. நெய் மணக்கிறதா பாத்து வாங்கு" என்றார் எலியேசர் சந்தோஷமாக.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாவை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, அதற்கு அடுத்த சந்தில் இருக்கும் அப்துல் ஹமீதின் கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தாள். கடையில் வேறு யாரும் இல்லை. இருந்தாலும் நாலு பக்கமும் பார்த்துக்கொண்டு ரகசியமாகக் கேட்டாள்.

"பாய், ஒரு ஆளுக்கு அவருக்கே தெரியாமக் கண்ணாடி செய்ய முடியுமா?"

ஹமீது நிமிர்ந்து பார்த்தார். "கண்ண மட்டும் திருடிட்டு வந்திருக்கியளாக்கா?"

அன்னத்தாய் முந்தியின் முடிச்சை அவிழ்த்து நூலை எடுத்து வைத்தாள். "இந்தத் தலை மூக்கு. இந்த முடிச்சு போன்."

ஹமீது நூலின் ஒரு நுனியைத் தன் மூக்கில் வைத்து, மறு கையை நீட்டினார். முடிச்சு அவர் விரல் நுனியையும் தாண்டித் தொங்கியது.

"யக்கா, இது கையா, பந்தக்காலா?"

"நெட்டை ஆளு பாய்."

"இன்னும் கொஞ்சம் கை நீளமா இருந்திருந்தா அவருக்குக் கண்ணாடியே தேவைப்பட்டிருக்காது. வயசு?"

"அம்பதத் தாண்டிட்டு."

"தூரத்துல உள்ளது தெரியுமா?"

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் கிறிஸ்டோ கடைக்குள்ள யாரு நுழையுதான்னு நம்ம கடையில இருந்தே சொல்லிருவாக."

"அப்ப மேல வெறும் கண்ணாடி, கீழ மட்டும் பவரு. நேராப் பாத்தா ஒண்ணும் தோணாது. குனிஞ்சு பாத்தா எழுத்து தெரியும். நடுவுல பிறை மாதிரி ஒரு கோடு மட்டும் லேசாத் தெரியும், பரவால்லையா?"

அன்னத்தாய் யோசித்தாள். "அந்தக் கோட்டப் பாக்கணும்னா கண்ணு நல்லா இருக்கணுமா பாய்?"

"கையில வச்சுப் பாக்கணும்னா, பின்ன?"

"அப்ப அவியளுக்குத் தெரியாது" என்றாள் நிம்மதியாக. பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் கையைக் காட்டினாள். "ஆனா அது கண்ணாடி மாதிரி இருக்கக் கூடாது. அந்தா, அது மாதிரி வேணும்."

அது ஆட்டக்காரர்கள் போடுகிறது. கறுப்பு ரப்பர் விளிம்பு, தலையைச் சுற்றி இழுத்து மாட்ட வார்.

ஹமீதுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சிரித்துவிட்டு, பிறகு கவலையாகக் கேட்டார். "யக்கா, நாளைக்கு அவரு இங்க வந்து என்னையச் சண்டை பிடிச்சா?"

"நான் இருக்கேன் பாய்" என்றாள் அன்னத்தாய். சொல்லிவிட்டு, வாசல்வரை போய்த் தெருவை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் எலியேசர் தன் சாமான்களைக் கட்டிலில் பரப்பி வைத்திருந்தார். கேமரா, குட்டை லென்ஸ், பேட்டரி, கார்டு, உட்காரச் சின்ன மெத்தை, வேர்வை துடைக்கத் துண்டு. அன்னத்தாய் காபியை வைத்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தாள்.

"என்னங்க, நீங்க எங்கன உக்காருவீய?"

"கோர்ட் ஓரத்துல. கூடைக்கு அடியில. அங்க உக்காந்தாத்தான் ஆட்டக்காரன் மூஞ்சி கெடைக்கும்."

"அவிய ஓடி வாரப்ப நிக்க முடியாம உங்க மேல விழுந்தா?"

"விழட்டும். நான் ராஜபாளையத்துக்காரன்."

"நீங்க தாங்குவீய. கண்ணு தாங்குமா? பந்து வந்து கண்ணுல அடிச்சா? போட்டோகிராபருக்குக் கண்ணுதான சொத்து? வெளியூர்ல கோர்ட் ஓரத்துல உக்காருதவிய எல்லாம் கவசம் போட்டுத்தான் உக்காருதாகளாம். ஹமீது பாய் சொன்னாரு. பால்கோவா வாங்கப் போனப்ப ஒண்ணு வாங்கியாந்திருக்கேன்."

இதில் ஹமீது சொன்னது ஒன்றும் இல்லை. ஆனால் பயம் மட்டும் நிஜம். பந்து அடிப்பதையும், அவர் விழுவதையும், ஆஸ்பத்திரியையும் அவள் ஏற்கெனவே மனதில் ஒரு தடவை பார்த்துவிட்டாள். அதனால் அவள் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்தது. எலியேசர் இளகிவிட்டார்.

"சரிட்டி, அழாத. கொண்டா பாப்போம்."

மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். வாரைத் தட்டிப் பார்த்தார். பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"எப்பிடி? ஆட்டக்காரன் மாதிரி இல்ல?"

"ஆட்டக்காரனுக்கு அப்பா மாதிரி இருக்கீய."

"கிறிஸ்டோகிட்ட இது இருக்காது" என்று திரும்பி நடந்தவர் திகைத்து நின்றார். "ஏட்டி, குனிஞ்சா தரை எந்திரிச்சு வருதே?"

"பந்து பட்டா உடையக் கூடாதுல்ல? கெட்டிக் கண்ணாடி. அப்படித்தான் இருக்கும். பழகிரும்."

எலியேசர் இல்லாத படிக்கட்டில் ஏறுகிற மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்து வாசல்வரை போய் வந்தார். எதிர் வீட்டு நாய் அதுவரை அவரைப் பார்த்துக் குரைத்ததே இல்லை. அன்றைக்குக் குரைத்தது.

அவர் கை போன் பக்கம் போவதை அன்னத்தாய் பார்த்துவிட்டாள். பாய்ந்து போய் வாரைக் கழற்றினாள். "வீட்டுல போட்டா ரப்பர் தளர்ந்திரும். நாளைக்கு மேட்ச்சுல போடுங்க."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, சாயங்காலம் மைதானத்துக்குப் போனார்கள். விளக்குகள் எரிந்தன. ஊரே வந்திருந்தது. அன்னத்தாய் பால்கோவாப் பையை மடியில் வைத்துக்கொண்டு, கூடைக்குப் பின்னால் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். அவளுக்கு நேர் முன்னால், கோட்டுக்கு வெளியே, தரையில் மெத்தை போட்டு, கவசத்தை மாட்டிக்கொண்டு எலியேசர். பத்தடி தள்ளிக் கிறிஸ்டோ. கிறிஸ்டோவிடம் வாடகைக்கு எடுத்த நீள லென்ஸ் இருந்தது. அதைப் பார்த்து எலியேசர் பெருமூச்சு விட்டது அன்னத்தாய்வரை கேட்டது.

ஆட்டம் ஆரம்பித்தது. எலியேசரும் தன் பழக்கத்தை ஆரம்பித்தார்.

நெட்டையான ஆட்டக்காரன் ஒருவன் கோட்டில் நின்று, மூச்சை இழுத்து, குறி பார்த்துப் பந்தைத் தூக்கினான். எலியேசர் கல்யாண ஞாபகத்தில் பளீரென்று ஃபிளாஷ் அடித்தார். பந்து கூடையை விட்டுவிட்டு எங்கோ போனது. நடுவர் விசில் அடித்தார். மைக்கில், "கூடைக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் அண்ணன் ஃபிளாஷை அணைக்கவும், இது கல்யாண வீடு அல்ல" என்று அறிவித்தார்கள். ஊர் சிரித்தது. அன்னத்தாய் முந்தியால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் அதே நெட்டையன் பறந்து வந்து பந்தைக் கூடைக்குள் திணித்துவிட்டுப் போனான். எலியேசர் பட்டனை அழுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"தம்பி! தம்பி! இன்னொருக்கா போடுங்க! கொஞ்சம் மெதுவா!"

அவன் வடக்கத்திக்காரன். ஒரு வார்த்தையும் புரியவில்லை. பெரியவர் பாராட்டுகிறார் என்று நினைத்துக் கட்டைவிரலைக் காட்டிவிட்டு ஓடினான். அடுத்த தடவையும் அவன் கைக்கே பந்து வந்தது. அதே பக்கமாக வந்தான். இந்தத் தடவை ஒருவன் பின்னாலிருந்து இடித்ததில், பந்தைப் போட்டுவிட்டு நிற்க முடியாமல், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நேராக எலியேசர் மேலேயே பறந்து வந்தான்.

வேறு யாராக இருந்தாலும் உருண்டு ஓடியிருப்பார்கள். எலியேசர் இருந்த இடத்தில் இருந்தார். கல்யாண வீட்டில் கூட்டம் எவ்வளவு நெருக்கினாலும் நகராத ஆள் அவர். "சிரிங்க தம்பி!" என்று கத்திக்கொண்டே அழுத்தினார். நெட்டையன் வந்து விழுந்தான். அவன் முழங்கை எலியேசர் முகத்தில் டக்கென்று மோதியது.

"ஏசுவே!" என்று அன்னத்தாய் எழுந்துவிட்டாள்.

நெட்டையன் எழுந்து எலியேசரைத் தூக்கி உட்கார வைத்தான். அவர் தலையைத் தடவிப் பார்த்தான். கவசம் கோணலாகப் போயிருந்தது, அவ்வளவுதான். கண்ணுக்கு ஒன்றுமில்லை. எலியேசர் கவசத்தை நேராக்கிவிட்டு, குனிந்து கேமராத் திரையைப் பார்த்தார்.

திரையைத் துண்டால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பினார்.

"ஏட்டி! பளிச்சுன்னு இருக்குட்டி!"

இடைவேளையில் தங்கப்பாண்டியன் வந்து படத்தைப் பார்த்தார். திரை நிறைய நெட்டையனின் முகம். வாய் பிளந்திருக்கிறது, இரண்டு கையும் சிறகு மாதிரி விரிந்திருக்கின்றன, தலைக்கு மேலே கூடை, அதன் வலைக்குள்ளிருந்து பந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. எல்லாமே ஒரு படத்துக்குள்.

"அண்ணே!" என்றார் தங்கப்பாண்டியன். "இதுதான் அடுத்த வருசம் பேனரு. வேற பேச்சே இல்ல."

கிறிஸ்டோவும் எட்டிப் பார்த்தான். அவன் நீள லென்ஸில் அதே நெட்டையனின் மூக்கு மட்டும் விழுந்திருந்தது.

எலியேசர் எழுந்து நின்றார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மதுரைக்குப் போன் போட்டார். "தம்பி, அந்த வெள்ளை லென்ஸ வேற யாருக்காவது குடுத்துருங்க. எனக்கு வேண்டாம். லென்ஸுல என்னப்பா இருக்கு? எல்லாம் கைப்பழக்கம்."

அன்னத்தாய் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னாள். மே மாதம் முழுக்க அடுப்பு எரியும். பால்கோவாப் பையை எடுத்துக்கொண்டு, கமிட்டிக்காரர்களுக்குக் கொடுப்பதற்காக எழுந்தாள். அவள் வந்து சேருவதற்குள் அது நடந்துவிட்டது.

"அண்ணாச்சி, கவசம் ஜோரா இருக்கே! நானும் ஒண்ணு வாங்கணும். குடுங்க, போட்டுப் பாக்கேன்" என்று கிறிஸ்டோ கையை நீட்டினான். வெற்றி மிதப்பில் எலியேசரும் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

கிறிஸ்டோ மாட்டிக்கொண்டு ஓர் அடி வைத்தான். தரையைப் பார்த்தான். தள்ளாடித் தங்கப்பாண்டியனின் தோளைப் பிடித்தான். கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். அவன் கண் நல்ல கண்.

"அண்ணாச்சி! இதுல பிறை மாதிரி கோடு இருக்குல்லா! எங்க அப்பா போடுதது மாதிரி... இது கவசம் இல்ல அண்ணாச்சி, இது வெள்ளெ..."

அவ்வளவுதான் சொன்னான். அன்னத்தாய் ஒரு கை பால்கோவாவை எடுத்து அவன் வாய்க்குள் திணித்துவிட்டாள்.

"தின்னுப்பா. எம்புட்டு உழைக்க! நெய் மணக்குதா?"

கிறிஸ்டோ கண் பிதுங்க மென்றான். ஆனால் தங்கப்பாண்டியன் காதில் பாதி விழுந்துவிட்டது. அவர் கவசத்தையும் எலியேசரையும் மாறி மாறிப் பார்த்தார். எலியேசரின் முகம் வெளிறியது. இப்போது விஷயம் உடைந்தால் கதை முடிந்தது. வீம்புக்காகவே கவசத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, மறுபடி மதுரைக்குப் போன் போடுவார். அவரைப் பற்றி அன்னத்தாய்க்குத் தெரியாதா?

பயந்துகொண்டேதான் பேசினாள்.

"ஐயையோ, என் கண்ணாடிய மாத்தி எடுத்துட்டு வந்துட்டீயளா? நான் வீடு பூரா தேடுனேனே! எனக்குத்தான் கிட்டத்துல உள்ளது ஒண்ணும் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியும்ல?" என்று கிறிஸ்டோ கையிலிருந்து வாங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டாள். தரை எந்திரிச்சு வந்தது. கூடைத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அந்த நேரத்தில் எலியேசருக்கு எவ்வளவு புரிந்தது என்று எனக்குத் தெரியாது. தப்பாகச் சொல்லக் கூடாது. அவர் அவளைப் பார்த்தார். அவள் தலையில் இருந்த கவசத்தைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார்.

"எத்தனை தடவை சொல்லுதேன், ஒன் சாமான ஒழுங்கா வைன்னு! என் கவசமும் ஒன் கண்ணாடியும் ஒரே மாதிரி வாங்குனா இப்பிடித்தான்!"

தங்கப்பாண்டியன், "பொம்பளையாளு வேலை இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, பால்கோவாவை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டாவது பாதி ஆரம்பித்தது. எலியேசர் மெத்தையில் உட்கார்ந்து படம் எடுத்தார். கேமராவை முழங்கால்வரை தள்ளிப் பிடித்துப் பார்த்தார். தலையைப் பின்னால் சாய்த்தார். இன்னும் சாய்த்திருந்தால் அன்னத்தாய் மடியில் படுத்திருப்பார். கடைசியில் திரும்பாமலேயே கையை மட்டும் பின்னால் நீட்டினார்.

"ஏட்டி, ஒன் கண்ணாடியச் செத்தக் குடு. தூசி இருக்கான்னு பாக்கேன்."

அன்னத்தாய் கொடுத்தாள். ஆட்டம் முடிகிறவரை அவர் தூசி பார்த்தார்.

அதற்குப் பிறகு அந்தக் கண்ணாடி அவரிடம்தான் இருக்கிறது. யாராவது கேட்டால், "எம் பொஞ்சாதிக்குப் பாவம், கண்ணு சரியில்ல. எங்கயாவது தொலைச்சிருவா. அவ கண்ணாடிய நான்தான் பத்திரமாக் கொண்டுபோறேன்" என்று சொல்வார். ஆலயத்தில் பத்திரமாக மூக்கில் வைத்துக்கொள்வார். இப்போது சபையோடு சேர்ந்து ஒரே பாட்டைப் பாடுகிறார்.

ஆனால் அன்னத்தாய்க்குப் புதுப் பயம் பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டு அனுசியா, "கண்ணு தெரியாதுன்னாங்க, இம்புட்டு வேகமாப் பூ கட்டுதியே அக்கா?" என்று கேட்டுவிட்டாள். இது எலியேசர் காதுக்குப் போனால்? அவர் யோசிக்க ஆரம்பித்தால்? அவர் அதிகம் யோசிக்கிறவர் இல்லை. ஆனாலும் ஒருநாள் யோசித்துவிட்டால்?

செட்டியார்பட்டிக் கல்யாணத்துக்குக் கிளம்புகிற காலையில் அவர் சட்டையில் ஒரு பட்டன் அறுந்தது. அன்னத்தாய் ஊசியை எடுத்தாள். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நூலை ஊசிக் காதுக்கு வலப் பக்கம் விட்டாள். பிறகு இடப் பக்கம் விட்டாள். பெருமூச்சு விட்டாள்.

"கொண்டா இங்க" என்று எலியேசர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரே குத்தில் நூலைக் கோத்துவிட்டார். "பாத்தியா? கண்ணுன்னா இப்படி இருக்கணும்."

"உங்களுக்கு என்னங்க, கழுகுக் கண்ணு" என்றாள் அன்னத்தாய்.

அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. மறுநாள் உளுந்தில் கல் பார்க்க அவள் திணறியபோது முறத்தை அவரே வாங்கிக்கொண்டார். பட்டன் தைக்கவும் பழகிக்கொண்டார். அவளுக்கு மட்டும் பயம் போகவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று, ஒரு பாதுகாப்புக்காக, போன சனிக்கிழமையிலிருந்து நெத்திலிக்குத் தலை கிள்ளுகிற வேலையையும் அவரிடமே கொடுத்துவிட்டாள்.